திரைக்குப் பின்னால் மிராசுதார் இல்லை

1951 முடிகிறது. மார்கழிப் பனியில் சம்பாக் கதிர் தலை சாய்ந்துவிட்டது. இன்னும் சில நாளில் கீழத் தஞ்சை முழுக்க அரிவாள் இறங்கும். அதே நாட்களில்தான் ஓட்டுப் பெட்டியும் ஊருக்கு வருகிறது. இரண்டும் ஒன்றாக வருகின்றன என்பதை நாம் கவனிக்காமல் இருந்தாலும் மிராசுதார் கவனித்துவிட்டார். ஓட்டு நாளன்று விடியுமுன்னே ஆளை வயலில் இறக்கி, பொழுது சாய்ந்தபின் கரையேற்றுவது அவருக்கொன்றும் புதிய வித்தை அல்ல. ஆகவே இதைப் படிக்கிற தோழர், படித்து முடித்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளாமல், அடுத்த சேரிக்கு நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்கு நாள் இல்லை.

என்ன நடக்கப் போகிறது என்பதை முதலில் நாமே சரியாகத் தெரிந்துகொள்வோம். சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 375 பேர், டில்லிப் பாராளுமன்றத்துக்கு நம் ராஜ்யத்திலிருந்து 75 பேர். இமயமலையில் பனி மூடுவதற்குள் முடிக்க வேண்டுமென்று சினி தாலுகாவில் அக்டோபர் 25ஆம் தேதியே ஓட்டு தொடங்கிவிட்டது. பக்கத்துத் திருவாங்கூர் கொச்சியில் இந்த மாதம் போட்டார்கள். ஜனவரியில் நம் முறை. நாடு முழுக்க 17 கோடிப் பேருக்கு மேல் ஓட்டு இருக்கிறது. 21 வயது நிரம்பியிருந்தால் போதும். நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், கையெழுத்துப் போடத் தெரிய வேண்டாம், ஆணா பெண்ணா என்ற கேள்வியும் இல்லை.

இதன் கனம் சேரிக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை. 1946இல் ஓட்டுப் போட்டவர்கள் யார்? வெள்ளைக்காரன் 1935இல் போட்ட சட்டப்படி, வரி கட்டியவர்கள், சொத்துள்ளவர்கள், படித்தவர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டசபைகள்தாம் அரசியல் நிர்ணய சபைக்கு ஆளனுப்பின. நம் நாட்டின் அரசியல் சட்டத்தை யார் எழுதுவது என்று முடிவு செய்த நேரத்தில், திருத்துறைப்பூண்டியிலும் மன்னார்குடியிலும் சேற்றில் நின்றவனை யாரும் கேட்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அவன் காதில் விழுவதற்குள் அதை மறித்து நின்று, "நான் சொல்கிறேன், நீ போடு" என்று சொல்ல மிராசுதாரின் ஏஜெண்டும் கணக்குப்பிள்ளையும் தயாராக இருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்து நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடுப்பைப் பாருங்கள். 1949 செப்டம்பரில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். மறு வருஷம் ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டது. பஞ்சும் நூலும் சணலும் விலை ஏறின. வியாபாரிகள் லாபத்தை அள்ளினார்கள். நெசவாளி நூல் கிடைக்காமல் தறியை நிறுத்தினார். போன ஜனவரியில் ரேஷனை 12 அவுன்ஸிலிருந்து 9 அவுன்ஸாக வெட்டினார்கள். ராயலசீமையில் மழை பொய்த்து வருஷங்கள் ஆகின்றன. அமெரிக்காவிடம் 19 கோடி டாலர் கடன் வாங்கிக் கோதுமை வரவழைத்திருக்கிறார்கள். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று அந்த நாட்டுப் பாராளுமன்றம் மாதக் கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்தபோது இங்கே ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். சீனத்திலிருந்தும் சோவியத்திலிருந்தும் தானியக் கப்பல்கள் வந்தன.

பட்டணத்துக்காரர்கள் ரேஷன் வெட்டைப் பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் நம் ஜில்லாவில் இந்தப் பஞ்சத்தின் முகம் வேறு. தஞ்சாவூர் நெல் விளையாத நாடா? காவிரி வறண்டதா? கண்டுமுதல் கண்ட களத்திலேயே பண்ணையாள் வெறுங்கையோடு நிற்கிறான். விளைந்த நெல் வண்டி வண்டியாக அவன் கண்ணெதிரில் போகிறது. அவன் பெண்டாட்டி நண்டும் நத்தையும் பிடித்து வந்து பானையில் போடுகிறாள். மழை பொய்த்தால் வருகிற பஞ்சம் மழை பெய்தால் போய்விடும். கூலி அளக்கிற மரக்காலால் வருகிற பஞ்சம் மழைக்குப் போகாது.

நிலத்துக்கு வருவோம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. காங்கிரஸ் மேடைகளில் இதைத்தான் முதல் சாதனையாகச் சொல்கிறார்கள். தோழர்களே, ஊர்க் கூட்டத்தில் யாராவது இதைச் சொன்னால் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தஞ்சாவூரில் பெரும்பாகம் ரயத்துவாரி நிலமாயிற்றே, ஆயிரக் கணக்கில் ஏக்கர் வைத்திருக்கும் எங்கள் மிராசுதாரை அந்தச் சட்டம் எந்த ஷரத்தில் தொடுகிறது? தொடவில்லை. சர்க்கார் கணக்கில் அவர் 'ரயத்து', அதாவது குடியானவர். உழாத குடியானவர், மண் மிதிக்காத குடியானவர், சில பேர் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருந்துகொண்டு ஏஜெண்டை வைத்து விவசாயம் செய்கிற குடியானவர்.

நிலம் உழுகிறவனுக்கே சேர வேண்டும் என்று நாம் சொன்னால் கலகக்காரர் என்கிறார்கள். ஆனால் காங்கிரஸே ஒரு குழு போட்டது. அதன் தலைவர் ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளோடு நின்ற மனிதர், இதே தஞ்சாவூரில் பிறந்தவர். இடைத்தரகர் ஒழிய வேண்டும், நிலம் உழுபவனுக்குச் சேர வேண்டும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு வரம்பு வேண்டும் என்று அந்தக் குழு 1949இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பின் இரண்டு போகம் அல்ல, நான்கைந்து போகம் விளைந்து களம் சேர்ந்துவிட்டன. அறிக்கை என்ன ஆயிற்று? குமரப்பாவின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அவர் நம் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் அல்ல. நம் கட்சிக்காரர் அல்லாத ஒரு நேர்மையான மனிதர் கணக்கெடுத்துப் பார்த்தபோதும் அதே இடத்துக்குத்தான் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, நாம் கொடுத்த விலை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 1949இல் நம் கட்சிக்குத் தடை. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில், பூட்டிய மதிலுக்குள், கைதிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம். 22 தோழர்கள் செத்தார்கள். மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்தாம் அவர்களில் மிகுதி. வாய்க்கரிசி போட வீட்டார் அருகில் இல்லாமல் போனவர்கள். அதே வருஷம் மே மாதத் தொடக்கத்தில் நம் தோழர்கள் ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். களப்பால் குப்பு அதற்கும் முன்பே சிறைக்குள் மாண்டார். இந்தப் பெயர்களைக் கேட்டால் இன்றைக்கும் நடவுப் பெண்கள் நாற்றைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறார்கள்.

சட்டப் புத்தகம் என்ன செய்துகொண்டிருந்தது? 1950 ஜனவரியில் குடியரசு. பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம். விசாரணையில்லாமல் அடைத்தது சரியா என்று தோழர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் வரை போனார். மே மாதத்தில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதே மாதத்தில் இன்னொரு வழக்கில், பத்திரிகையைத் தடுத்த சென்னை சர்க்கார் தோற்றது. தோற்றதும் என்ன செய்தார்கள்? இந்த ஜூனில் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஜனங்கள் ஒரு தடவைகூட ஓட்டுப் போடாத நிலையில், ஜனங்கள் தேர்ந்தெடுக்காத சபை, ஜனங்களின் பேச்சுரிமைக்கு வேலி போட்டது. இன்றைக்கும் சிறையிலிருந்தபடியே வேட்பாளராக நிற்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசும் வாய் நம்முடையதுதான்.

இவ்வளவும் நடந்த பிறகு ஓட்டா என்று கேட்கிற தோழர்களை எனக்குத் தெரியும். நெஞ்சில் கனல் உள்ளவர்கள். அவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நேராகப் பேச வேண்டும். 1948இல் கல்கத்தாவில் நம் கட்சி மாநாடு எடுத்த முடிவுப்படி, வந்த சுதந்திரமே பொய் என்று சொல்லி, ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் ஓடினோம். நாம் முன்னால் ஓடினோம், சேரி பின்னால் தங்கிவிட்டது, நடுவில் போலீஸ் புகுந்தது. அடிபட்டது யார்? நம்மை ஒரு ராத்திரி படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றிய குடிசைகள். தெலுங்கானாத் தோழர்கள் அக்டோபரில் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தினார்கள். அந்த முடிவு சிலருக்குக் கசக்கிறது. ஆனால் வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்தவன் வெளியே வந்து, பட்டப்பகலில், நடுத்தெருவில், கொடி பிடித்துப் பேசலாம் என்ற நிலை இன்றைக்கு வந்திருக்கிறது. அதை வேண்டாமென்று தள்ள நமக்கு உரிமை இல்லை. குடிசைக்காரர்களிடம் பட்ட கடனைத் தீர்க்கக் கிடைத்த வழிகளில் இதுவும் ஒன்று.

ஓட்டுப் போட்டுவிட்டால் கூலி தானாக உயரும் என்று ஆசை காட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கினோம். நம் கட்சித் தோழர் பி. சீனிவாசராவ் சேரிக்குள் வந்து தங்கி, சேரிச் சோற்றைத் தின்று, சேரித் தமிழைக் கற்றுக்கொண்டு பேசினார். மறு வருஷம் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றன. அன்றைக்கு நமக்கு ஓட்டா இருந்தது? சங்கம் இருந்தது. ஆகவே ஓட்டு சங்கத்துக்கு மாற்று என்று யாரும் பேச வேண்டாம். சங்கம் இல்லாத ஊரில் ஓட்டும் நமக்கு இருக்காது, வண்டி கட்டிக்கொண்டு போய் மிராசுதாரே போட்டுவிடுவார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இந்த எழுத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

சேரியில் பயம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று குடிசை. குடிசை நிற்கிற மனை மிராசுதாருடையது. "மாற்றிப் போட்டால் பிரித்து எறிவேன்" என்று ஏஜெண்டு சொன்னால் அதை வெறும் பேச்சு என்று நாம் தள்ள முடியாது. இரண்டாவது, வரப்போகும் அறுவடைக் கூலி. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. யாருக்குப் போட்டோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. பரம்பரை பரம்பரையாகத் தான் செய்வதெல்லாம், தூங்கியதும் தின்றதும் பெண் கொடுத்ததும், பண்ணைக்குத் தெரியாமல் நடந்ததில்லை என்று கண்ட மனிதன், இது மட்டும் தெரியாது என்றால் எப்படி நம்புவான்?

வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது. செய்து காட்ட வேண்டும். ஒரு சேரியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒரு குடிசைக்குள் வேட்டியைக் குறுக்கே கட்டினோம். பின்னால் நான்கு மண்பானை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம் கரியால் வரைந்தோம். ஆளுக்கொரு பூவரச இலையைக் கொடுத்து, உள்ளே போய் இஷ்டப்பட்ட பானையில் போட்டுவிட்டு வாருங்கள் என்றோம். முடிந்ததும் பானைகளை வெளியே கொண்டு வந்து, யார் எதில் போட்டார்கள் என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கூட்டத்தையே கேட்டோம். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எல்லா இலையும் ஒரே மரத்து இலை. ஒரு கிழவி கேட்டாள்: "அங்கன உள்ளாற யாரும் இருக்க மாட்டாகளா?" யாரும் இருக்கமாட்டார்கள் என்றோம். "ஏசண்டு?" அவரும் இல்லை. "போலீசு?" இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "நான் இன்னொரு தடவ போயிட்டு வரட்டுமா?" என்றாள். போய் வந்தாள். அன்றைக்கு அந்தச் சேரியில் அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாவடியில் நடக்கப் போவதும் இதுதான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டி மேல் அவருடைய சின்னம். சீட்டில் எதையும் எழுத வேண்டாம், கீற வேண்டாம். ஒரு ரூபாய் நோட்டு அளவுச் சீட்டு. மறைப்புக்குள் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். சட்டசபைக்கு வேறு சீட்டு, பாராளுமன்றத்துக்கு வேறு சீட்டு. இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். அந்த மையைப் பார்த்தால் யாருக்குப் போட்டாய் என்று தெரிந்துவிடும் என்ற வதந்தியை இப்போதே கிளப்பத் தொடங்குவார்கள். மறுபடி ஓட்டுப் போட வராமல் தடுக்கத்தான் மை, வேறெதற்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் முடிந்து வெளியே கொண்டு வா, காசு தருகிறேன் என்று சொல்ல ஆள் வருவான். தாராளமாக வருவான். வெளியே வந்த சீட்டுகளைச் சேர்த்துத் தன் ஆள் மூலம் ஒரே பெட்டியில் போட்டுவிட அவனால் முடியும். கூலியைச் சின்ன மரக்காலில் அளந்தபோது சண்டை போட்டு முத்திரை மரக்கால் கேட்டவர்கள் நாம். நம் கையிலிருக்கிற சீட்டை நாமே அளந்து கொடுக்கலாமா?

இரண்டு உறுப்பினர் தொகுதிகளைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆதி திராவிடருக்கு ஒதுக்கிய இடம் சேர்ந்திருக்கும் தொகுதிகளில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. போட்டால் ஒன்று வீணாகும். "நம்ம ஆளுக்கே ரெண்டும்" என்று அன்பினால் போட்டுவிடுவார்கள். அன்பினால் பிழை நடக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. இரண்டு பானை, இரண்டு இலை வைத்துத் திரும்பத் திரும்பப் பழக்குங்கள்.

சின்னத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கிரஸ் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை இருக்கிறது. மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்தவன் கண்ணுக்கு அது தன் வீட்டு முகம் மாதிரித் தெரியும். அவன் மனசைப் புண்படுத்திப் பேசாதீர்கள். அந்தக் காளையை ஓட்டுகிறவன் நீ, ஓட்டிய நிலத்தில் உனக்கு எத்தனை குழி என்று மட்டும் கேளுங்கள். நம் சின்னம் கதிர் அரிவாள். தை மாதத்தில் அதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. கையிலேயே இருக்கிறது.

குத்தகைச் சாகுபடிக்காரர்களை விட்டுவிட்டுச் சேரியோடு நின்றுவிடாதீர்கள். இதைப் பல தோழர்கள் கஷ்டம் என்று ஒதுக்குகிறார்கள், ஜாதி குறுக்கே நிற்கிறது என்கிறார்கள். நிற்கத்தான் செய்கிறது. வாரம் கொடுத்து வெறும் வைக்கோலோடு வீடு திரும்புகிற ஊர்த்தெருக் குடியானவர், பண்ணையாளோடு ஒரே வரிசையில் நிற்கக் கூசுகிறார். மிராசுதாருக்கு இந்தக் கூச்சம் ஒரு கோட்டை மதில். ஓட்டு வரிசை அந்த மதிலைச் சற்றே பெயர்க்கும். முன்னால் நிற்பவன் யார், பின்னால் நிற்பவன் யார் என்று பாராமல் நிற்க வேண்டிய வரிசை அது. அதற்கு முன்பே ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசி வைக்கிற தோழர் பெரிய வேலை செய்தவர் ஆவார்.

பெண்கள். வடக்கே, தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று சொன்னதால், லட்சக் கணக்கான பெண்களின் பெயர் பட்டியலில் ஏறாமல் போயிற்று. நம் பக்கம் பட்டியலை இப்போதே வாங்கிப் படித்துக் காட்டுங்கள். தன் பெயர் எழுத்தில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாவடியில் அதிகாரி கேட்கும்போது தலை குனிந்து நிற்காமல் பெயரைச் சொல்லும்படி பழக்குங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் அரை மனுஷியாய் அளந்து கூலி வாங்குகிறவளுக்கு அன்றைக்கு முழு ஓட்டு. ஆணுடையதைவிட ஒரு அரிசி எடையும் குறையாத ஓட்டு.

ஓட்டு நாளன்று வேலை கிடையாது என்று ஊர்தோறும் சங்கம் இப்போதே முடிவெடுத்து, ஏஜெண்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுக்கிற கதிர் ஒரு நாளில் உதிர்ந்துவிடாது. மிராசுதார் அனுப்பும் வண்டியில் யாரும் ஏறக் கூடாது. தூரமானாலும் நடப்போம்; சேரியே ஒன்றாக, கிழவர்களைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்போம். தனியாகப் போகிறவனை வழியில் மறிப்பார்கள். முந்நூறு பேரை மறிக்க மாட்டார்கள். திரும்பி வந்தபின் ராத்திரி எல்லாக் குடிசையிலும் விளக்கு எரியட்டும், தோழர்கள் தூங்காமல் சுற்றி வரட்டும். எங்காவது ஒரு குடிசையில் கை வைத்தால் அடுத்த ஊருக்குத் தகவல் போக வேண்டும். மறுநாள் அறுவடைக்கு அங்கே ஒரு ஆளும் இறங்கக் கூடாது.

நான் இன்றிரவு இரண்டு வாய்க்காலைக் கடந்து அடுத்த சேரிக்குப் போகிறேன். ஒரு வேட்டியும் நான்கு பானையும் போதும், மரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று நாளை காலை சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். யாரும் போகாத ஊரின் பெயர் மட்டும் எனக்கு வேண்டும்.